இயந்திரம் நூற்றுப்பத்துக் காட்டிய ஐம்பது நிமிடங்கள்

திகதி: 1986.09.23. நேரம்: மு.ப. 9.40.
பெயர்: வேலாப்போடி செல்லத்தங்கம். வயது: 36. தொழில்: அரசாங்கத் தாதி உத்தியோகத்தர், சேவைக்காலம் பதின்மூன்று வருடங்கள். விலாசம்: பிள்ளையார் கோவில் குறுக்கு வீதி, காரைதீவு. திருமணமானவர், பிள்ளைகள் இருவர்.
பதிவு செய்பவர்: பொலிஸ் சார்ஜன்ட் அதாவுல்லா.

நான் மேற்சொன்ன விலாசத்தில் கணவருடனும் பிள்ளைகளுடனும் வசித்து வருகிறேன். கணவர் பாடசாலை ஆசிரியர். இன்று இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு யாரும் அழைக்காமல் நானாகவே வந்தேன். கலந்தர் என்னும் வைத்தியசாலைச் சிற்றூழியர் மீது இங்கு கொடுக்கப்பட்டிருக்கும் முறைப்பாடு தொடர்பாகவே வந்துள்ளேன். இதே விடயம் பற்றி இம்மாதம் 12ஆம் திகதி வைத்தியசாலைக் கந்தோரில் நடந்த விசாரணையில் நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையொப்பம் இட்டிருக்கிறேன். அதில் சொல்லாமல் விட்டவற்றைச் சொல்ல வந்தேன்.

நான் அதே வைத்தியசாலையில் நான்கு கட்டில்கள் கொண்ட தீவிர சிகிச்சை அறையில் வேலை செய்கிறேன். இந்த வருடம் மார்ச் மாதம் எமது அறைக்கு ஓர் இயந்திரம் வந்தது. டாக்டர் பதியுதீன் வெளிநாட்டில் படித்த இடத்திலிருந்து அன்பளிப்பாகப் பெற்றுக் கொண்டுவந்தது. நோயாளியின் மணிக்கட்டு நாடியில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அந்தக் குழாயின் மறு நுனியைத் தீப்பெட்டி அளவான ஓர் உணர்கருவியில் பொருத்தினால், அந்தக் கருவி இரத்த அழுத்தத்தை ஓயாமல் இயந்திரத்துக்குத் தெரிவிக்கும். டாக்டர் ஓர் எண்ணை வைத்துவிட்டால், அழுத்தம் அந்த எண்ணுக்கு மேலே போகும்போது இயந்திரம் தானாகவே அழுத்தம் குறைக்கும் மருந்தைக் கூட்டிவிடும், கீழே வந்தால் குறைத்துவிடும்.

இயந்திரம் வருவதற்கு முன்னர் இந்த வேலையைக் கையால் செய்தோம். அந்த மருந்து வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் போத்தலைக் கறுப்புக் கடதாசியால் சுற்றி, ஒரு தாதி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் துளிகளை எண்ண, மற்றத் தாதி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பட்டி கட்டி அழுத்தம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வேண்டும். இயந்திரம் வந்து இரண்டு மாதத்தில், எமது அறையிலிருந்த இரண்டாவது தாதியைப் பிரசவ வாட்டுக்கு மாற்றினார்கள். இயந்திரம் பார்க்கும்தானே என்று சொன்னார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது இலேசாகவே இருந்தது. முறைப்பாட்டில் உள்ள சம்பவத்துக்கு முன்னர் பதினொரு நோயாளிகளுக்கு அந்த இயந்திரத்தைப் பாவித்தோம். ஒருவருக்கும் தீங்கு வரவில்லை.

செப்டெம்பர் மாதம் 8ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கடமைக்கு வந்தேன். அன்று பத்து மணியளவில் மருதமுனையைச் சேர்ந்த அச்சிமுகம்மது என்பவரைக் கொண்டுவந்தார்கள். வயது 54, கைத்தறி வைத்து நடத்துபவர். தலையிடி, கண் மங்கல், மூச்சு முட்டுதல் என்று சொன்னார். அழுத்தம் இருநூற்று முப்பதுக்கு நூற்று நாற்பது இருந்தது. டாக்டர் பதியுதீன் அவரை எமது அறையில் சேர்த்து இயந்திரத்தைப் பொருத்தினார். அதன் பின்னர் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. மறுநாள் காலையில் டாக்டர், மேல் கீழ் அழுத்தங்களின் நடுத்தர அளவு நூற்றுப்பத்தில் நிற்கும்படி இயந்திரத்தை வைத்தார். அச்சிமுகம்மது கண் தெளிந்து, தன் மனைவி சபியா உம்மாவிடம் தறியில் பாதியில் நிற்கும் சாறன் ஒன்றைப் பற்றிக் கதைத்ததை நான் கேட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ஒரு மணிக்கு என்னை விடுவிக்க வேண்டிய தாதி வரவில்லை. அன்று ஹர்த்தால் என்பதால் பஸ் ஓடவில்லை. இரவுக் கடமைக்கு உரியவரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஆகவே நான் தொடர்ந்து நின்றேன். இடையில் ஒரு கதிரையில் ஒன்றரை மணித்தியாலம் அளவில் நித்திரை கொண்டேன். அறையில் எனக்கு உதவியாக இருந்தவர் கலந்தர் மாத்திரமே. அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கட்டில் தள்ளுவது, ஒட்சிசன் சிலிண்டர் மாற்றுவது, இறந்தவர்களைத் தூக்கிப் பிரேத அறைக்குக் கொண்டுபோவது அவருடைய வேலை. இருபத்தேழு வருடமாக இதைச் செய்கிறார். நான் அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

9ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒன்று ஐம்பது அளவில் சபியா உம்மா என்னிடம் வந்து, "மிஸ்ஸி, இவருக்கு மல்லாந்து கிடந்து முதுகெல்லாம் நோவுதாம். தேத்தண்ணி குடிக்கவும் ஏலாமக் கிடக்கு. தலமாட்டக் கொஞ்சம் ஒசத்தி உடுங்களன்" என்று கேட்டார். இரண்டு நாளாக மல்லாந்து படுத்திருப்பவரை உயர்த்துவது நியாயமான காரியமே. நான் கட்டிலின் கால்மாட்டில் உள்ள கைபிடியைச் சுற்றித் தலைமாட்டை உயர்த்தினேன். அவர் அரைக் கோப்பை பிளேன்ரீ குடித்தார்.

இங்கே நான் ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். அந்த உணர்கருவி கட்டிலோடு சேர்ந்ததல்ல. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பியில் பிளாஸ்டரால் ஒட்டப்பட்டிருக்கும். அது எப்போதும் நோயாளியின் நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும். அது நெஞ்சிலும் தாழ்வாக இருந்தால் இயந்திரம் உண்மையிலும் கூடிய அழுத்தத்தைக் காட்டும். ஆகவே கட்டிலை உயர்த்தினால் கருவியையும் அதே அளவு உயர்த்தி ஒட்ட வேண்டும். டாக்டர் பதியுதீன் முதல் நாளே இதை எங்களுக்குச் சொல்லித் தந்தார். நான் அதை மற்றவர்களுக்குப் படிப்பித்திருக்கிறேன்.

அன்று நான் கட்டிலை உயர்த்தினேன், கருவியை உயர்த்தவில்லை. கையைக் கைபிடியிலிருந்து எடுக்கும்போதே மூன்றாவது கட்டிலில் சத்தம் கேட்டது.

மூன்றாவது கட்டிலில் முனவ்வறா என்னும் இருபத்திரண்டு வயதுப் பெண் இருந்தார். வெட்டிய வயலில் கதிர் பொறுக்கும்போது நாகம் கடித்து அன்று மதியம் கொண்டுவரப்பட்டவர். விஷமுறி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது இமை விழுந்து, நெஞ்சு அசைவது நின்றுகொண்டு வந்தது. உடனே ஆள் அனுப்ப, சத்திரசிகிச்சைத் தியேட்டரிலிருந்த மயக்க மருந்து டாக்டர் வந்து தொண்டைக்குள் குழாய் வைத்துவிட்டு, அங்கே வயிறு திறந்திருக்கும் நோயாளி இருப்பதால் திரும்பிப் போய்விட்டார். எங்களிடம் சுவாசிக்க வைக்கும் இயந்திரம் கிடையாது. ஒரு றப்பர் பையைக் கையால் அமத்தி அமத்தித்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். நான் இரண்டு மணிக்கு அந்தப் பையை அமத்தத் தொடங்கினேன். விட்டால் அந்தப் பெண் இறந்துவிடுவார்.

சபியா உம்மா ளுஹர் தொழுவதற்காக வெளியே போயிருந்தார். அச்சிமுகம்மது கண்ணை மூடியிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய முகம் சரியாகத் தெரியாது. இயந்திரத்தின் சிவப்பு எண் மட்டும் தெரியும். நான் அதைப் பார்த்துக்கொண்டே பையை அமத்தினேன். நூற்றுப்பத்து, நூற்றுப்பதினொன்று, நூற்று ஒன்பது. இரண்டு நாளில் அது இவ்வளவு திறமாக ஒரு இடத்தில் நின்றதில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. எவ்வளவு மருந்து போகிறது என்பதைக் காட்டும் எண் அதன் கீழே சிறிதாக இருக்கும். அது அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.

இரண்டு இருபது அளவில் கலந்தர் காக்கா அவருடைய போர்வையைச் சரிசெய்யப் போனவர், "மிஸ்ஸி, இவர்ட கை குளுந்து கிடக்கு" என்று சொன்னார். நான், "மெசின் நூற்றிப்பத்துக் காட்டுது காக்கா. ஃபேன் காத்துக்கு அப்படி இருக்கும். நித்திரையக் குழப்பாதீங்க" என்று சொன்னேன்.

அதன் பின்னர் இரண்டு முப்பத்தைந்து அளவில் அவர் திரும்பவும், "வேர்வையும் கொட்டுது மிஸ்ஸி. கூப்பிட்டா முழிக்கிறார் இல்ல" என்றார். நான் எண்ணைப் பார்த்தேன். நூற்றுப்பத்து. "கொஞ்சம் பொறுங்க காக்கா" என்றேன். கோபமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். எனக்குக் கை இரண்டும் விறைத்துப் போயிருந்தன. டாக்டரைக் கூப்பிட அவரை அப்போதே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

இரண்டு ஐம்பது அளவில் அவர் என் முன்னால் வந்து நின்றார். "மிஸ்ஸி, நம்பர நான் அறியன். நான் மையத்துத் தூக்கிற ஆள். இந்தக் குளிர எனக்குத் தெரியும்" என்று சொன்னார். அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

நான் அவரை என் பக்கத்தில் வரச் சொல்லி, பையை அவர் கையில் கொடுத்து, எப்படி அமத்துவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று ஆறேழு தடவை அவர் கைமேல் என் கையை வைத்துக் காட்டினேன். "எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்டார். "நான் சொல்லும் மட்டும்" என்றேன். அதன் பின்னர் அச்சிமுகம்மதுவிடம் ஓடினேன். குழாய் செருகாத மற்றக் கையைப் பிடித்தேன், நாடி கைக்குப் படவில்லை. பட்டி கட்டிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. இயந்திரம் நூற்றுப்பத்துக் காட்டிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் கம்பியைப் பார்த்தேன். கட்டில் உயர்ந்தபோது குழாய் இழுபட்டு, புழுக்கத்தில் பிளாஸ்டர் கழன்று, கருவி ஒரு முழம் கீழே இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கி அவருடைய நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன். பிடித்த உடனேயே எண் நூற்றுப்பத்திலிருந்து ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது.

நான் மருந்தை நிறுத்தினேன், கட்டிலைத் தாழ்த்தினேன், கால்களை உயர்த்தினேன், சேலைனை முழுதாகத் திறந்துவிட்டேன். வாசலில் போன ஒருவரை டாக்டரைக் கூட்டிவர ஓடச் சொன்னேன். மூன்று ஐந்துக்கு டாக்டர் பதியுதீன் வந்தார். மருந்தின் அளவைப் பார்த்து, காலையில் போனதிலும் நாலு மடங்கு என்று சொன்னார். ஆறேழு நிமிடத்தில் அழுத்தம் திரும்பி வந்தது. ஆனால் அச்சிமுகம்மது கண் திறக்கவில்லை. இடது பக்கம் முழுவதும் இழுத்துவிட்டது. மறுநாள் 10ஆம் திகதி காலை பத்து இருபதுக்கு அவர் இறந்தார். அன்றே அஸர் தொழுகைக்கு முன்னர் அடக்கம் செய்தார்கள்.

9ஆம் திகதி பிற்பகல் இரண்டு ஐம்பது முதல் ஐந்து பதினைந்து வரை முனவ்வறாவுக்கு மூச்சுக் கொடுத்தவர் கலந்தர் காக்கா. நாங்கள் எல்லோரும் மற்றக் கட்டிலடியில் நின்றோம். அவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே அமத்தினார். ஐந்து பதினைந்துக்கு மயக்க மருந்து டாக்டர் வந்து வாங்கியபோது அவருக்கு விரல்களை விரிக்க முடியவில்லை. முனவ்வறா ஆறு நாளின் பின் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

12ஆம் திகதி வைத்தியசாலைக் கந்தோரில் விசாரணை நடந்தது. மூன்று உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். இரண்டாவது கட்டில் நோயாளியின் உறவினர் ஒருவர், சிற்றூழியர் அச்சிமுகம்மதுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பல தடவை நின்றதைக் கண்டதாகச் சொல்லியிருந்தார். என்னிடம், "சிற்றூழியர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாரா?" என்று கேட்டார்கள். நான், "ஓம்" என்றேன். "அவர் அதற்குப் பயிற்சி பெற்றவரா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். "பிளாஸ்டர் கழன்றிருந்ததா?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். அவ்வளவுதான் எழுதினார்கள். நான் கையொப்பம் இட்டேன். சொன்ன மூன்று பதிலும் உண்மையே. பயிற்சி இல்லாத சிற்றூழியர் இயந்திரத்தைத் தொட்டதால் கருவி கழன்றது என்று அறிக்கை போனது. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த அறிக்கையைக் கேள்விப்பட்டு இறந்தவரின் சகோதரர் மீராமுகைதீன் இங்கு வந்து முறைப்பாடு கொடுத்தார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

இம்மாதம் 20ஆம் திகதி சனிக்கிழமை நான் கல்முனைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது கலந்தர் காக்காவைக் கண்டேன். ஒதுங்கிப் போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் என்னைக் கண்டுவிட்டார். கிட்ட வந்து, "மிஸ்ஸி, அந்தப் பாம்பு கடிச்ச புள்ள ஊட்டுக்குப் போயிட்டாவா?" என்று கேட்டார். "ஓம் காக்கா, நடந்தே போனா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். என் வாக்குமூலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கு அது தெரியும் என்று நான் நம்புகிறேன். நான் மரக்கறிப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பின்னர் 21ஆம் திகதி டாக்டர் பதியுதீனிடம் போய், பொலிசுக்குப் போகப் போகிறேன் என்று சொன்னேன். அவர், "போங்க மிஸ்ஸி. மெசின்ல பிழை எண்டு மட்டும் எழுத உடாதீங்க. பூட்டி வெச்சிருவாங்க, பொறகு ஒருத்தருக்கும் ஒதவாது. ஒரு மிஸ்ஸி போதுமெண்டு வந்த கடதாசியில கையெழுத்து வெச்சவன் நான். அதையும் சொல்லுங்க. கேட்டா நானும் வந்து சொல்றன்" என்றார்.

கேள்வி: இயந்திரத்தில் ஏதாவது கோளாறு இருந்ததா?
பதில்: இல்லை. தனக்குக் கிடைத்த எண்ணுக்கு அது சரியாகவே வேலை செய்தது. தவறான எண்ணைக் கொடுத்தது நான்.

கேள்வி: கலந்தர் கருவியையோ பிளாஸ்டரையோ தொட்டாரா?
பதில்: தொடவில்லை. அவர் நோயாளியின் கையைத்தான் தொட்டார். அந்த அறையில் அன்று பின்னேரம் அதைச் செய்தவர் அவர் ஒருவரே.

கேள்வி: முந்திய விசாரணையில் இவற்றை ஏன் சொல்லவில்லை?
பதில்: அவர்கள் கேட்கவில்லை. ஆனால் அது சரியான பதில் அல்ல. எனக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. களைப்பும் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது.

கேள்வி: இப்படிச் சொல்வதால் உமக்கு எதிராக நடவடிக்கை வரலாம் என்று தெரியுமா?
பதில்: தெரியும். கணவரும் அதைச் சொன்னார்.

மேலும் சொல்வதாவது: நேற்று 22ஆம் திகதி பிற்பகல் நான் மருதமுனைக்குப் போய் சபியா உம்மாவைக் கண்டேன். இங்கே பதியப்படுவதை அவர் வேறு ஆட்களின் வாயால் கேட்கக் கூடாது என்று போனேன். கணவனை இழந்த பெண் ஆண்கள் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் அவர் இருந்தார். பெண் என்றபடியால் என்னை உள்ளே விட்டார்கள். வெள்ளை உடுத்துப் பாயில் இருந்தார். நான் இங்கே சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். முடிந்த பிறகு அவர், "அப்ப, நான் ஒசத்தச் சொல்லாட்டி அவர் இருந்திருப்பாரா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்துப் போகவில்லை. அவருக்கு இல்லாத ஒரு சுமையைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. "ஒசத்தினது பிழையில்ல ராத்தா. ஒசத்தின பொறகு நான் செய்ய வேண்டிய வேலை ஒண்டு இருந்திச்சி. அத நான் செய்யல்ல" என்றேன்.

"அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் புடிக்கும்?"

"அரை நிமிசம்."

உள்ளேயிருந்து ஒரு பெண் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் எழும்பும்போது சபியா உம்மா, "பொலிசுக்குப் போறீங்களா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "அப்ப அதையும் எழுதச் சொல்லுங்க புள்ள. பொஞ்சாதி ஒசத்தச் சொன்னது பிழையில்லண்டு. என்ட மக்கள் நாளைக்கு அத வாசிக்கணும்" என்றார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே, இறந்தவரின் மனைவி கட்டிலை உயர்த்தும்படி கேட்டதில் எந்தப் பிழையும் இல்லை என்பதை இங்கே பதியும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குச் சொல்ல இருந்தது இவ்வளவே. நான் தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் "மனைவியின் வற்புறுத்தலின் பேரில்" என்று எழுதப்பட்டிருந்ததை வெட்டுவித்து, "மனைவி கேட்டார்" என்று திருத்தி, அந்த இடத்தில் சிறுகையொப்பம் வைத்தேன். மற்றவை எல்லாம் நடந்தபடியே உள்ளன, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வே. செல்லத்தங்கம்

என் முன்னிலையில்: (ஒப்பம்) அதாவுல்லா, பொலிஸ் சார்ஜன்ட். முடிவுற்ற நேரம் மு.ப. 11.25.